பேருந்து ஜன்னல்களில் ஒட்டப்படும் விளம்பரத் துளைத்தாள் குறித்து: தகுதிச் சான்று வழங்கும் அலுவலர்களுக்கு ஒரு ஸ்டிக்கர் கடைக்காரரின் திறந்த மடல்

கொங்கு மாவட்டங்களில் வாகனங்களை ஆய்வு செய்து தகுதிச் சான்று வழங்கும் மோட்டார் வாகன ஆய்வாளர்களுக்கும் அவர்களுக்கு மேலுள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலர்களுக்கும்,

ஈரோட்டில் 17 ஆண்டுகளாக ஸ்டிக்கர் கடை நடத்திவருகிறேன். லாரி கேபினுக்கு மேல் எழுதும் குலதெய்வத்தின் பெயர், கல்லூரிப் பேருந்தின் பக்கவாட்டு எழுத்து, துணிக்கடைக் கண்ணாடியின் தள்ளுபடி அறிவிப்பு என்று கையால் ஒட்டக்கூடிய எல்லாவற்றையும் ஒட்டியிருக்கிறேன். பேருந்து ஜன்னல்களின் மேல் ஒட்டப்படும், ‘ஒன்வே விஷன்’ என்று நாங்கள் சொல்லும், சிறு துளைகள் நிறைந்த, விளம்பரப் படம் அச்சிட்ட பிளாஸ்டிக் துளைத்தாளும் அவற்றுள் ஒன்று. ஆகவே இந்த மடலில் நான் குறை சொல்லும் இடங்களில் எல்லாம் குறைக்கு ஆளானவர்களின் வரிசையில் நானும் நிற்கிறேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இதை எழுத வைத்தது ஒரு பேருந்து. சென்ற ஐப்பசி மாதம் விஜயமங்கலத்துக்கும் பெருந்துறைக்கும் இடையே சாலையோரப் பள்ளத்தில் சாய்ந்த ஒரு தனியார் பேருந்துக்குள் நானும் இருந்தேன். அதன் அவசர வழிக் கண்ணாடியை உடைத்த பிறகும் எங்களால் உடனே வெளியே வர முடியவில்லை. மார்கழியில் அதே பேருந்து என் கண் முன்னே வந்து நின்றது. கண்ணாடி புதிது, எப்.சி. எனப்படும் தகுதிச் சான்று புதிது, அவசர வழியின் மேல் ஒட்டியிருந்த விளம்பரமும் புதிது. ஆய்வு என்ற ஒன்று நடந்து, கையெழுத்து ஒன்று விழுந்து, அதற்குப் பிறகும் அந்தத் தாள் அங்கே இருக்கிறது என்றால், நடந்ததைச் சொல்லாமல் இருப்பது எனக்கு இனிமேல் சரியாகப் படவில்லை.

விபத்து நடந்த அன்று மாலை கோயம்புத்தூரில் ஸ்டிக்கர் ரோல் வாங்கிக்கொண்டு திரும்பினேன். அவிநாசி தாண்டியதிலிருந்தே மழை. இரவு ஏழு மணி சுமாருக்கு, சர்வீஸ் ரோட்டிலிருந்து தவறான திசையில் ஏறிவந்த ஒரு இருசக்கர வாகனத்துக்கு இடம்விட ஓட்டுநர் இடப்புறம் ஒடித்தபோது, இடதுபக்கச் சக்கரங்கள் ஈர மண்ணில் இறங்கி, வண்டி மெல்லச் சாய்ந்து பக்கத்து மண்கரையில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது. வேகம் குறைவு என்பதால் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஒருவருக்குக் கழுத்தெலும்பு முறிந்தது, பலருக்கு நெற்றியில் காயம். ஆனால் ஏறி இறங்கும் இரண்டு படிகளும் இடப்பக்கம். இரண்டும் மண்ணோடு ஒட்டிக்கொண்டன. ஓட்டுநர் தீப்பிடிக்கும் என்று பயந்து பேட்டரி இணைப்பைத் துண்டித்தார். அது சரியான செயல்தான், ஆனாலும் உள்ளே கும்மிருட்டு. வலப்புற ஜன்னல்களில் குறுக்குக் கம்பி. ஓட்டுநரின் கதவு இப்போது எங்கள் தலைக்கு மேல் இருந்தது. அதன் வழியாக இரண்டு இளைஞர்கள் மட்டும் தொற்றி ஏறினார்கள். மிச்சமிருந்த நாற்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு இருந்த ஒரே வழி, பின்பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ‘அவசர வழி’ என்று எழுதிய அந்த ஒரு கண்ணாடி.

சுத்தியல் இருக்க வேண்டிய கூட்டில் சுத்தியல் இல்லை. நடத்துநர் டூல்ஸ் பெட்டியிலிருந்து ஜாக்கி ராடை எடுத்துவந்து ஓங்கி அடித்தார். கண்ணாடி உடைந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. “உடைஞ்சிருச்சு, உடைஞ்சிருச்சு, பொம்பளைங்களை முன்னால விடுங்க” என்று ஒருவர் குரல் கொடுத்தார். ஆனால் வழி திறக்கவில்லை. டஃபன்டு கண்ணாடி, அதாவது சூடேற்றிக் கடினமாக்கிய கண்ணாடி, உடையும் விதமே கற்கண்டு மாதிரி சில்லுச் சில்லாகப் பிரிந்து கொட்டிவிடுவதுதான். அதனால்தான் அவசர வழிக்கு அதைப் போடுகிறார்கள். இங்கே சில்லுகள் கொட்டவில்லை. வெளியே ஒட்டியிருந்த தாளின் பசை ஒவ்வொரு சில்லையும் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. கைபேசி வெளிச்சத்தில் பார்த்தபோது, கொடியில் காயப்போட்ட ஈரமான பவானி ஜமக்காளம் போல அந்தக் கண்ணாடி கனத்து, உப்பி, மடங்கி நின்றதே தவிர விழவில்லை. நடத்துநர் மறுபடி குத்தினார். ராடு உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது. கையால் தள்ளப் போனவரின் உள்ளங்கை கிழிந்தது.

துளை போட்ட தாள்தானே, இழுத்தால் கிழிந்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். வெறும் துளைத்தாளாக இருந்தால் ஓரளவு கிழியும். ஆனால் மழைத்தண்ணீரும் தூசும் துளைகளில் அடையாமல் இருக்க, அதன் மேல் தெளிந்த லாமினேஷன் ஒன்றை ஒட்டுவது எங்கள் தொழிலில் ‘நல்ல வேலை’ என்று பெயர் வாங்கியது. லாமினேஷன் ஏறிய தாள் கிழியாது, இழுபடும். போதாக்குறைக்கு, படம் ஜன்னலோடு முடியாமல் மேலும் கீழும் உள்ள தகரத்திலும் தொடர்ந்தது; அதாவது கண்ணாடியையும் அதைச் சுற்றிப் பிடித்திருக்கும் பீடிங் ரப்பரையும் பேருந்தின் உடலையும் ஒரே தாள் சேர்த்துக் கட்டியிருந்தது. பீடிங்கை ஒட்டி நாலாபுறமும் கால் அங்குலம் விட்டு அறுத்திருந்தால், கண்ணாடி தாளோடு சேர்ந்தாவது வெளியே பெயர்ந்து விழுந்திருக்கும். அப்படி அறுத்தால் படத்தில் கோடு விழும். விளம்பரம் கொடுத்தவருக்குப் பிடிக்காது.

என் பைக்குள் கட்டர் இருந்தது. கடையில் அந்த அளவுள்ள தாளை அறுத்தெடுக்க எனக்கு அரை நிமிடம் போதும். அன்று சாய்ந்த வண்டியில், ஒரு சீட்டின் விளிம்பில் முழங்கால் ஊன்றி, யாரோ பிடித்த கைபேசி வெளிச்சத்தில், சில்லுகளுக்கு இடையே பிளேடு ஒடிந்து ஒடிந்து, நாலு ஓரத்தையும் அறுத்து முடிக்க ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனது. என் அருகில் ஒரு பாட்டி, யாரையும் திட்டாமல், “விடியறதுக்குள்ள போயிருவமாங் கண்ணு?” என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஒட்டு என் கடை ஒட்டு அல்ல. ஆனால் அந்த வேலை என்னிடம் வந்திருந்தால் நானும் அப்படியேதான் ஒட்டியிருப்பேன். அதற்கு முன்பு அப்படித்தான் ஒட்டியும் இருக்கிறேன்.

வண்டி தீப்பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் ஐந்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று உங்கள் துறைக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2013 அக்டோபர் 30 அன்று பெங்களூரிலிருந்து ஹைதராபாத் போய்க்கொண்டிருந்த பேருந்து மகபூப்நகர் மாவட்டம் பாலெம் அருகே எரிந்ததில் 45 பேர் மாண்டார்கள். அந்த விபத்துக்கும் விளம்பரத் தாளுக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை. அடைபட்ட பேருந்துக்குள் நிமிடங்களுக்கு என்ன விலை என்பதை நினைவூட்ட மட்டுமே அதைக் குறிப்பிடுகிறேன்.

இனி விதிக்கு வருகிறேன். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆம் விதி, முன்பக்க, பின்பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 70 விழுக்காடும் பக்கவாட்டு ஜன்னல் கண்ணாடிகள் குறைந்தது 50 விழுக்காடும் ஒளியை உள்ளே விட வேண்டும் என்கிறது. 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கண்ணாடிகளின் மேல் கறுப்புத் தாளோ வேறு எந்தப் பொருளோ ஒட்டக்கூடாது என்று அதே ஆண்டு மே 4 முதல் தடை செய்தது. அதன் பிறகு விதி திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் முதல் தரநிர்ணயத்துக்கு உட்பட்ட ‘சேஃப்டி கிளேசிங்’குக்கும், அதாவது பிளாஸ்டிக் படலம் சேர்ந்த பாதுகாப்புக் கண்ணாடிக்கும், இடம் கிடைத்தது. 2024இல் கேரள உயர் நீதிமன்றம், அந்த 70, 50 என்ற அளவுகள் குறையாதவரை தாள் ஒட்டிய வாகனத்துக்கு அபராதம் விதிக்க முடியாது என்றது. எங்கள் தொழிலில் சிலர் இந்தத் தீர்ப்பைத்தான் இப்போது கேடயமாகப் பிடிக்கிறார்கள். பிடிக்கட்டும், ஆனால் அந்தத் தீர்ப்பும் அளவைக் கைவிடவில்லை. தாளை ஒட்டிய பிறகும் பக்கவாட்டில் 50 இருக்கிறதா, பின்னால் 70 இருக்கிறதா என்பதே கேள்வி.

அந்தக் கேள்விக்குத் துளைத்தாளால் பதில் சொல்லவே முடியாது. அதைக் காட்டக் கருவி கூட வேண்டாம், பெருக்கல் கணக்குப் போதும். நாங்கள் வாங்கும் ரோலின் அட்டையில் 60:40 என்றோ 50:50 என்றோ அச்சிட்டிருக்கும். முதல் எண் படம் அச்சாகும் பரப்பு, இரண்டாவது எண் துளைகளின் பரப்பு. சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் அகலத் துளைகள் அத்தனையும் சேர்ந்தால் நூற்றுக்கு 40 பங்கு வெளி. மிச்சம் 60 பங்கு, உட்புறம் கறுப்பும் வெளிப்புறம் மையும் ஏறிய பிளாஸ்டிக். அதன் வழியாக ஒளி போகாது. கண்ணாடி ஒளியில் 90 விழுக்காட்டை விடும் தெளிந்த கண்ணாடி என்றே வைத்துக்கொண்டாலும், 40 பங்கு துளையில் உள்ளே வருவது 36. பேருந்துகளில் பரவலாகக் காணும் இளம்பச்சைக் கண்ணாடி 75 விடுகிறது என்று வைத்தால் 30. சந்தையில் கிடைப்பதிலேயே தாராளமான 50:50 தாளைத் தெளிந்த கண்ணாடியில் ஒட்டினாலும் 45தான். பக்கவாட்டு ஜன்னலுக்கே தேறாத இந்தத் தாளைப் பின்கண்ணாடியில், 70 வேண்டிய இடத்தில், வேன்களிலும் கால் டாக்சிகளிலும் ஒட்டித் தள்ளியிருக்கிறோம். இவை புதிதாக ஒட்டிய அன்றைய அளவுகள். சோமனூர், பல்லடம் பக்கம் ஓடும் வண்டிகளில் விசைத்தறிப் பஞ்சும், பொள்ளாச்சிப் பக்கம் ஓடும் வண்டிகளில் தேங்காய் நார்த்தூளும் ஆறே மாதத்தில் துளைகளை எப்படி அடைக்கின்றன என்பதைத் தாள் உரிக்கும்போது நாங்கள் பார்க்கிறோம்.

பிறகு எப்படி இது ‘ஊடுருவிப் பார்க்கக்கூடிய’ தாள் என்ற பெயரில் இத்தனை ஆண்டுகள் தப்பித்தது? நண்பகலில், பேருந்து நிற்கும்போது, உள்ளே உட்கார்ந்து பார்ப்பவருக்கு வெளியே தெரிகிறது. அந்த ஒரு சாட்சியை வைத்துத்தான். வெளியே வெளிச்சம் அதிகமாகவும் உள்ளே குறைவாகவும் இருந்தால் உட்புறக் கறுப்பைக் கண் ஒதுக்கிவிட்டுத் துளைகளின் வழியே பார்த்துக்கொள்ளும். பொழுது சாய்ந்து உள்விளக்கைப் போட்டதும் இந்த ஏற்பாடு தலைகீழாகிவிடும். உள்ளே இருப்பவருக்குத் தெரிவது தன் முகமும் கறுப்புத் தாளும்தான். மழை பெய்தால் லாமினேஷன் இல்லாத தாளில் ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு நீர் நின்றுகொண்டு, எதிரே வரும் விளக்கை எல்லாம் ஆயிரம் பொட்டாகச் சிதறடிக்கும்.

விபத்து நடப்பதற்குச் சில நாட்கள் முன்பு, பவானி போகும் ஒரு டவுன் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இருந்த அம்மா ஒருவர் ஜன்னலைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தார். பனி மூட்டம் என்று நினைத்துவிட்டார். உள்ளே துடைத்துத் துடைத்துப் பார்க்கிறார், தெளியவில்லை. ஏனென்றால் மறைப்பு கண்ணாடியின் மறுபக்கத்தில் இருந்தது. “சித்தோடு வந்துருச்சுங்களா?” என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை, நானும் அதே ஜன்னலின் தொடர்ச்சியில்தான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு கைகளையும் கண்ணுக்குப் பக்கவாட்டில் குவித்து, மூக்கைக் கண்ணாடியில் அழுத்திப் பார்த்தபோது ஒரு பேக்கரியின் விளக்கு மட்டும் தெரிந்தது. அவர் ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கி, அந்தத் தூறலில், லாரிகள் ஓடும் சாலையின் ஓரமாகத் திரும்பி நடந்தார். இது விபத்துப் பட்டியலில் ஏறாது. தினமும் மாலை ஏழு மணிக்கு மேல் எத்தனை பேர் இப்படித் திரும்பி நடக்கிறார்கள் என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது. 2021 மே மாதம் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகு நகரப் பேருந்துகளில் வேலை முடித்துத் திரும்பும் பெண்கள் எத்தனை பேர் என்பதை எந்த நிறுத்தத்தில் நின்றாலும் காணலாம். மறைப்பு அவர்களுக்குத்தான் முதலில் விழுகிறது.

பெண்களைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திருப்பூரின் பனியன் கம்பெனிகளுக்குக் கோபி, சத்தியமங்கலம், தாராபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து இரவுப் பணிக்குப் பெண்களை ஏற்றிவரும் வேன்களிலும் பேருந்துகளிலும் கம்பெனியின் பெயரும் படமும் போட்ட இதே தாளை ஒட்டித்தரச் சொல்கிறார்கள். பகலில் வெளியிலிருந்து உள்ளே எதுவும் தெரியாது. இரவில் உள்விளக்கை அணைத்துவிட்டால் அப்போதும் தெரியாது. 2012 டிசம்பரில் தில்லியில் ஓடும் பேருந்துக்குள் ஒரு மாணவிக்கு நடந்த கொடுமையின்போது அந்தப் பேருந்தின் ஜன்னல்கள் கறுப்புக் கண்ணாடியாலும் திரைச்சீலையாலும் மறைக்கப்பட்டிருந்தன என்பது நாடே அறிந்த செய்தி. ரோந்துக் காவலர் ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே இருப்பவர் தெரிய வேண்டும் என்பதே விதியின் நோக்கங்களில் ஒன்று. கறுப்புத் தாளுக்கு அபராதம் போடும் அதே கை, பட்டுச்சேலைப் படம் அச்சிட்ட தாளை மட்டும் ஏன் தொடுவதில்லை என்று எனக்குப் புரியவில்லை. படம் அழகாக இருப்பதால் இருக்குமோ என்னவோ.

ஆய்வில் இது அகப்படாமல் போகும் வழியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த வழி என் கடை வாசலில்தான் தொடங்குகிறது. எப்.சி. தேதி நெருங்கும்போது உரிமையாளரிடமிருந்து அழைப்பு வரும்: “கண்ணாடில இருக்கறத உரிச்சுக் குடுத்துருங்க, எப்.சி. முடிஞ்சதும் மறுக்கா ஒட்டிக்கலாம்.” ஹீட் கன்னால் சூடேற்றி உரித்து, பசையைத் துடைத்துக் கொடுப்போம். வண்டி காலையில் உங்கள் முன்னே நிற்கும், கண்ணாடி பளிச்சென்று இருக்கும், சான்று கிடைக்கும், சாயங்காலமே மறுபடி என் வாசலுக்கு வரும். எட்டு ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதற்கு மேற்பட்டதற்கு ஆண்டுக்கு ஒரு முறை என்று சான்று புதுப்பிக்கப்படுகிறது. ஆக 365 நாட்களிலோ 730 நாட்களிலோ ஒரே ஒரு நாள் அந்தப் பேருந்து விதிப்படி இருக்கிறது. சில சமயம் உரிக்கக்கூடச் சொல்வதில்லை. தாளோடே போய்த் தாளோடே திரும்பிய வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். எங்கே, எப்போது என்று இங்கே எழுதப் போவதில்லை. ஒரு அலுவலகத்தைச் சுட்டிவிட்டு மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்குவதற்காக இம்மடலை நான் எழுதவில்லை.

பார்த்துச் செய்ய உங்களால் முடியாதது அல்ல இது. ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறப்பதற்கு முன், மே மாத வெயிலில், பள்ளி வாகனங்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, அவசரக் கதவைத் திறந்து மூடிப் பார்த்து, தீயணைப்புக் கருவியைத் தூக்கிப் பார்த்து, படியின் உயரம் முதற்கொண்டு அளக்கிறீர்கள். 2012இல் தாம்பரம் அருகே ஒரு குழந்தை பள்ளிப் பேருந்தின் ஓட்டை வழியே விழுந்து இறந்த பிறகு வந்த சிறப்பு விதிகளின் பலன் அது. இன்னொரு சாவுக்குப் பிறகுதான் மற்றப் பேருந்துகளுக்கும் அந்த அக்கறை வர வேண்டும் என்பதில்லை. விளம்பரத் தொழிலுக்கும் இது புதிய பாடம் அல்ல. 2023 ஜூன் மாதம் கருமத்தம்பட்டி அருகே ராட்சத விளம்பரப் பலகை சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். பலகைகளுக்கு அனுமதி உண்டா, தாங்குமா என்று இன்று கேட்கிறார்கள். நகரும் பலகையாகிவிட்ட ஜன்னலுக்குத்தான் இன்னும் கேள்வியில்லை.

உரிமையாளர்கள் தரப்பையும் நான் கேட்காமல் இல்லை. டீசல் விலையிலும் உதிரிபாக விலையிலும் அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். விளம்பரக் காசு அவர்களுக்குப் பெரிய ஆறுதல். “சித்திரை வெயிலுக்கு ஜனங்களுக்கும் நல்லதுதானுங்களே, நெழலா இருக்குது” என்று ஒருவர் சொன்னார். அதிலும் உண்மை இல்லாமல் இல்லை, மேற்குப்பக்க இருக்கைக்காரர்கள் அந்தத் தாளை வாழ்த்தத்தான் செய்கிறார்கள். ஆனால் வெயிலுக்கு வேண்டிய மறைப்பு, வேண்டும்போது இழுத்து வேண்டாதபோது ஒதுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கண்ணாடியோடு ஒட்டிப் போனதாக இருக்கக் கூடாது. காசுக்கு வழி உண்டு. ஜன்னலுக்குக் கீழே வண்டியின் நீளம் முழுவதும் தகரம் இருக்கிறது. பின்புறத்தில், கண்ணாடிக்குக் கீழே தகரம் இருக்கிறது. கரூரில் கூடு கட்டும் பட்டறைக்காரர்களிடம் சொன்னால் விளம்பரத்துக்கென்றே வழவழப்பான பலகம் வைத்துக் கட்டித் தருவார்கள். தகரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளட்டும். நானே ஒட்டித் தருகிறேன்.

மார்கழியில் அந்தப் பேருந்தைப் பார்த்த நாளிலிருந்து என் கடையில் கண்ணாடியின் மேல் துளைத்தாள் ஒட்டுவதை நிறுத்திவிட்டேன். என் கடை நிறுத்தினால் அடுத்த கடைக்குப் போகிறார்கள், அவ்வளவுதான். ஆகவே உங்களிடம் கேட்க வேண்டியவற்றைத் தெளிவாகக் கேட்கிறேன்.

அவசர வழிக் கண்ணாடி, கூரைத் திறப்பு, ஓட்டுநரின் இருபுற ஜன்னல்கள், முன்படியை ஒட்டிய கண்ணாடி, பின்கண்ணாடி ஆகிய இவற்றின் மேல் எந்தத் தாளும், ஒரு விரற்கடை அகலத்துக்குக்கூட, இருக்கக்கூடாது என்று எழுத்து மூலம் உத்தரவிடுங்கள். பேருந்து உடற்கட்டமைப்புக்கான ஏ.ஐ.எஸ். 052 விதித்தொகுப்பு அவசர வழிகளைக் கேட்பது அவை திறப்பதற்காகத்தான். ஆகவே சான்று தரும் நாளில் ‘அவசர வழி’ என்ற எழுத்து உள்ளேயும் வெளியேயும் தெரிகிறதா, சுத்தியல் கூட்டில் சுத்தியல் இருக்கிறதா என்பதைப் படிவத்தில் தனி வரியாகவே சேர்த்துக் கையெழுத்திடுங்கள். மற்ற ஜன்னல்களைப் பொறுத்தவரை, கண்ணாடியும் தாளும் சேர்ந்து 50 விழுக்காடு ஒளி விடும் என்று சோதனைச் சான்று காட்டாத எந்தத் தாளையும் ஏற்காதீர்கள். அளக்கும்போது கருவியின் சிறிய கண் ஒரு துளையின் மேல் அமர்ந்தால் அதிகமாகவும் பிளாஸ்டிக்கின் மேல் அமர்ந்தால் குறைவாகவும் காட்டும் என்பதால், ஒரே கண்ணாடியில் பல இடங்களில் அளந்து சராசரி எடுங்கள்.

சான்று நாளில் மட்டும் பார்ப்பது போதாது. எப்.சி. முடிந்த ஒரு மாதத்துக்குள், ஒரு மாலை ஏழு மணிக்கு மேல், பெருந்துறை நான்கு ரோடு போன்ற ஓரிடத்தில் நின்று, உள்விளக்கு எரியும் பேருந்துகளை நிறுத்தி, நீங்களே ஏறி ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து வெளியே பாருங்கள். ஊர்ப்பெயர்ப் பலகை படிக்க முடியாத ஜன்னலில் இருக்கும் தாளை அங்கேயே உரிக்கச் செய்யுங்கள். இரண்டாம் முறை அகப்பட்டால் தகுதிச் சான்றை நிறுத்தி வையுங்கள்.

அரசு ஒரு காலத்தில் ஏதேனும் ஒரு வகைத் தாளை ஜன்னலுக்கு அனுமதிப்பதாக இருந்தால், எங்களைப் போன்ற கடைகளையும் அந்த விதிக்குள் கொண்டுவாருங்கள். யார் ஒட்டியது, எந்தத் தேதியில், எந்த ரகத் தாள் என்ற சிறிய முத்திரை ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் இருக்கட்டும். பீடிங்குக்கு உள்ளே நிறுத்தி அறுக்காமல் தகரத்தோடு சேர்த்து ஒட்டுவதும், நகரும் இரண்டு கண்ணாடிகளை ஒரே தாளால் இணைத்து ஜன்னலையே திறக்க முடியாமல் செய்வதும், அவற்றின் மேல் லாமினேஷன் ஏற்றுவதும் ஒட்டியவரின் குற்றமாகவே கருதப்படட்டும். உரிமையாளருக்கு மட்டும் அபராதம் போட்டு, உரித்துத் திரும்ப ஒட்டும் எங்களை விட்டுவிட்டால் இந்தச் சுற்று நிற்காது.

இம்மடல் கண்ட 30 நாட்களுக்குள் உங்கள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். வேண்டுமானால் என் செலவில் பழைய பேருந்துக் கண்ணாடிகள் இரண்டை உங்கள் ஆய்வுத் தளத்துக்குக் கொண்டுவருகிறேன்: ஒன்று வெறும் கண்ணாடி, மற்றொன்று தாளும் லாமினேஷனும் தகரத்தோடு சேர்த்து ஒட்டியது. ஜாக்கி ராடையும் கொண்டுவருகிறேன். இரண்டையும் உங்கள் ஆய்வாளர் ஒருவரே அடித்துப் பார்க்கட்டும். அதற்கு ஒரு தேதி கொடுங்கள்.

இப்படிக்கு,
ஈரோட்டைச் சேர்ந்த ஸ்டிக்கர் கடைக்காரர் ஒருவர்